வாசலும் வரவேற்பும்

வீட்டிற்கு வரும் விருந்தினரை முதலில் வரவேற்பது வீட்டாரல்லர், வாசலேயாகும். விடியுமுன் வாசல் தெளித்துக் கோலமிடுவதும், திருநாளில் மாவிலைத் தோரணம் கட்டுவதும் இதனை உணர்த்தும் வழக்கங்களன்றோ? கடற்கரையிலே எழும் உல்லாச விடுதிக்கும் இவ்விதி பொருந்தும்.

கடலுக்கு வெகு தொலைவிலுள்ள பண்டாரவளையில் இதற்கென்ன பாடம் உண்டு என்று மாணவர்கள் வினவக்கூடும். உண்டு. 1961-62ஆம் ஆண்டுகளில் இங்குள்ள நல்லாயன் கன்னியர் மடத்திற்கு ஒரு சிற்றாலயத்தை வரைந்தவர் ஜெப்ரி பாவா (1919-2003). முதலில் சட்டத்தரணியாக இருந்து, பின்னரே கட்டடக் கலை பயின்றவர் அவர். அவ்வாலயத்தின் கரடுமுரடான கற்சுவர்கள் மலையிலிருந்தே முளைத்தெழுந்தவை போலத் தோன்றும்.

அதே கைவண்ணத்தை அறுபதுகளின் பிற்பகுதியில் பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலிலும் அவர் காட்டினார். அங்கே வாசல் பகட்டாக நின்று அழைப்பதில்லை. வெயிலில் வந்த பிரயாணி கருங்கற் சுவர்களுக்கிடையே நிழலுள் நுழைகிறான்; படியேறுகிறான்; தலைக்கு மேலே ஏனா டி சில்வாவின் பத்திக் ஓவியத் துணிகளாலான விதானத்தைக் காண்கிறான்; அப்பால் நீர்த்தடாகத்தோடு கூடிய முற்றம் விரிகிறது. கடலைக் காணுமுன்பே அவன் உள்ளம் குளிர்ந்துவிடுகிறது.

இயற்கைப் பொருள்களை நாடுவது அழகுக்காக மாத்திரமன்று. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும்; சீமெந்தினுள்ளிருக்கும் கம்பியும் துருவேறிப் பருத்து, சுவரை வெடிக்கச் செய்யும். கருங்கல்லுக்கு அந்தப் பயமில்லை. தென்னையின் வெளிப்புற வைரம் தூணுக்கு உதவும். நடுப்பகுதி மென்மையாதலால் உதவாது. கிடுகுக் கூரை குளிர்ச்சி தரும்; ஆனால் சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்றியாக வேண்டும். ஒவ்வொரு பொருளின் குணத்தையும் குறையையும் அறிந்து கையாள்வதே கலை.

இனி நம் தோட்டங்களை நோக்குவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவிற்குத் தனி வாசல் ஏது? வரிசையாக ஓடும் ஒடுங்கிய திண்ணைதான் எல்லோருக்கும் வாசல். அங்கேயும் கோலமிட மறவாதவர்கள் நம் தாய்மார்கள். இக்காலத்தில் சில தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழுந்துள்ளன. இன்னும் பல குடும்பங்கள் லயத்திலேயே காத்திருக்கின்றன.

தனி வீடு பெற்றோர் வாசலைக் கடைசி வேலையாக எண்ணிவிடலாகாது. தேயிலைச் சரிவுகளில் மண் கரையாதபடி கல்லடுக்கி அணை கட்டியவர்கள் நம் முன்னோர். அக்கற்கள் பிறருடைய தோட்டத்தைக் காத்தன. அதே கைத்திறனால் நம் வீட்டுக்கு இரண்டு கற்படிகள், ஒரு சிறு திண்ணை, பக்கத்தில் ஒரு செம்பரத்தைச் செடி அமைத்தால் போதும். பெந்தோட்டையின் விலையுயர்ந்த வாசல் கற்பிக்கும் பாடமும் அதுவே: இருக்கும் இடத்தின் கல்லையும் மரத்தையும் கொண்டு, வருபவரை நிழலோடு வரவேற்க வேண்டும். நமக்கென்று ஒரு வாசல் அமைவது, இம்மண்ணில் நாமும் குடியிருப்போர் என்று கூறுவதாகும்.