மறதியின் பாதை – 9
மலையை மறைத்து வைத்த பரீட்சை

அல்ஸைமர் வியாதியில் மூளையைச் சிதைக்கும் டாவ் புரத முடிச்சுகள், பொட்டுக்கு உட்புறமாக ஆழத்தில் கிடக்கும் எண்டோரைனல் கார்டெக்ஸ் என்ற சிறு பிரதேசத்தையும் அதன் ஓரத்தையுமே ஆரம்பத்தில் பற்றுகின்றன என்பதை, ஜெர்மனியைச் சேர்ந்த ஹைக்கோ பிராக், ஏவா பிராக் தம்பதியர் 1991-ஆம் ஆண்டில் நிலைநாட்டிய வரலாற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே பிரதேசத்தில்தான், 2005-ல், நார்வே நாட்டு டிரான்ட்ஹைம் நகரில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும், எலி நடக்க நடக்கத் தரையின்மேல் அறுகோணக் கோலம் இட்டாற்போல ஒழுங்கான இடைவெளிகளில் துடிக்கும் அணுக்களைக் கண்டார்கள். 1971-லேயே லண்டனில் இடமறியும் அணுக்களைக் கண்டிருந்த ஜான் ஓகீஃபோடு சேர்த்து அவர்களுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்விரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு சந்தேகம் எழாமல் இராது. வியாதி முதலில் கைவைப்பது வழியறியும் இடத்தில்தான் என்றால், நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து, இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், சற்று முன் சொன்ன மூன்று சொற்களைத் திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பானேன்? 1975-ல் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் பால் மெக்ஹ்யூவும் வகுத்த 30 மதிப்பெண் பரீட்சை உலகெங்கும் உபகாரம் செய்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பள்ளிக்கூட வாசனை உள்ளவருக்கு அது அனுகூலமாகவும், இல்லாதவருக்குப் பிரதிகூலமாகவும் அமைந்துவிட்டதோடு, மூளையின் அந்த மூலையை அது நேராகத் தொடுவதுமில்லை.

மனிதன் வழி அறிவதற்கு இரண்டு உபாயங்கள் உண்டு. கண்ணுக்குத் தென்படும் அடையாளங்களைப் பற்றிக்கொண்டு போவது ஒன்று. எவ்வளவு தூரம் நடந்தோம், எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பினோம் என்று சரீரமே ஓசையின்றி எழுதிக்கொண்டு வரும் கணக்கு மற்றொன்று. துனீசியாவின் வறண்ட உப்பு நிலத்தில் ஸூரிச் பல்கலைக்கழகத்து ரூடிகர் வேனர் பல்லாண்டுகள் ஆராய்ந்த பாலைவன எறும்பு, இரையைத் தேடிக் கோணல்மாணலாக அலைந்துவிட்டு, இரை வாயில் அகப்பட்டதும் வந்த வழியைப் பாராமல் நேர்கோட்டில் வளைக்குத் திரும்புகிறது. அந்தத் தருணத்தில் அதைத் தூக்கி வேறிடத்தில் விட்டால், அதே திசையில் அதே தூரம் நடந்து, வளையே இல்லாத வெற்று மணலில் நின்று வளையைத் தேடுகிறது. கணக்கு பிசகவில்லை, இடந்தான் மாறிவிட்டது. மனிதரிடத்தில் இக்கணக்கை நடத்துவதில் எண்டோரைனல் பிரதேசத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

தொல்லை என்னவென்றால், அன்றாட வாழ்வில் இவ்விரண்டு உபாயங்களும் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிற்கின்றன. ஐம்பது வருஷம் வாழ்ந்த தெருவில், உள்கணக்கு நொடித்துப்போன கிழவர்கூட மூலைக் கடையையும் பழைய வேலியையும் பார்த்தே வீடு வந்து சேர்ந்துவிடுவார். மகன் வீட்டுக்குக் குடிபெயர்ந்த பிறகே, ‘அப்பாவுக்குத் திடீரென்று என்ன ஆயிற்று?’ என்று குடும்பத்தார் திகைக்கிறார்கள். திடீரென்று ஒன்றும் ஆகவில்லை. தாங்கி நின்ற அடையாளங்கள் விலகிவிட்டன, அவ்வளவுதான். இந்தக் குறையை வைத்தியர் தம் அறையிலே சோதிக்கலாமென்றால், அங்கும் ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு மேஜை இருந்துகொண்டு நோயாளிக்கு வழி சொல்லிவிடுகின்றன.

இந்த இடத்தில்தான் வி.ஆர். கண்ணாடி என்ற மெய்நிகர் சாதனம் விஞ்ஞானிகளுக்குக் கைகொடுத்தது. இல்லாததை இருப்பதாகக் காட்டுவதே அதன் மகிமை என்று விளம்பரக்காரர்கள் முழங்குகிறார்கள். இந்த ஆராய்ச்சியைப் பொறுத்தவரை, இருப்பதை இல்லாமற் செய்துவிடுவதே அதன் பெரிய உபகாரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேம்பிரிட்ஜில் டென்னிஸ் சான் என்ற நரம்பியல் வைத்தியரும் அவருடைய சகாக்களும் 2019-ல் பிரசுரித்த ஆராய்ச்சியைப் பாருங்கள். முதியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு விசைக் கருவியோடு எழுந்து நிற்கிறார். அவர் நிற்பது சாதாரண அறை. காண்பதோ தூரத்து அடையாளங்கள் சூழ்ந்த திறந்த வெளி. எண் இட்ட ஒரு கூம்பு தோன்றுகிறது. அதனிடம் நடந்து போனால் அது மறைந்து, வேறிடத்தில் அடுத்தது தோன்றுகிறது. அங்கிருந்து திரும்பி மூன்றாவதற்குப் போக வேண்டும். மூன்றாவதை அடைந்ததும், முதற்கூம்பு இருந்த இடத்துக்குத் திரும்பிப் போகும்படி கட்டளை வருகிறது. அங்கே இப்போது ஒன்றுமில்லை. இதுதான் இடம் என்று மனத்துக்குப் பட்ட இடத்தில் நின்று அவர் விசையை அழுத்துகிறார். உண்மையான இடத்துக்கும் அவர் நின்ற இடத்துக்கும் உள்ள தூரமே அவருடைய பிழை. சில தடவை எல்லாம் முன்போலவே இருக்கும். சில தடவை திரும்பும் வேளையில் தரையின் வடிவங்கள் அழிந்துவிடும். சில தடவை தொலைவின் அடையாளங்கள் அனைத்தும் மறைந்துபோகும். நிஜ உலகில் எந்த வைத்தியரால் மலையை மறைத்து வைக்க முடியும்?

கால்கள் நடக்க வேண்டும் என்பதும் இங்கே முக்கியம். 2016-ல் வெளிவந்த ஸீ ஹீரோ க்வெஸ்ட் என்ற கைபேசி விளையாட்டின் மூலம் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் வழியறியும் திறன் அளக்கப்பட்டது, மகத்தான முயற்சிதான். ஆனால் விரலால் படகு ஓட்டுகிறவனுடைய உட்செவிக்கும் கால் தசைகளுக்கும் அந்தப் பிரயாணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. உள்கணக்கோ அவை அனுப்பும் செய்திகளை நம்பியே நடக்கிறது.

கேம்பிரிட்ஜ் பரீட்சையில், ஆரம்ப நிலை அறிவுத் தளர்ச்சி உள்ள 45 பேர் ஆரோக்கியமான 41 பேரைவிட அதிகப் பிழை செய்தார்கள். அது எதிர்பார்த்ததே. அந்த 45 பேரில் 26 பேருக்கு முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீரை எடுத்துச் சோதித்ததில், 12 பேரிடம் அல்ஸைமரின் சுவடுகள் இருந்தன; அப்பன்னிருவரின் பிழை, சுவடு இல்லாத தளர்ச்சிக்காரரின் பிழையைவிட மிகுதியாக இருந்தது. கவலையாலோ மனச்சோர்வாலோ வேறு வியாதியாலோ வரும் மறதியை அல்ஸைமரிலிருந்து பிரித்தறிய எழுத்துப் பரீட்சைகள் திணறும் இடத்தில், நடை இவ்வளவு தெளிவாகப் பேசியது ஆச்சரியமே. எனினும், பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு, கண்ணாடி மாட்டினால் வியாதி தெரிந்துவிடும் என்று யாரேனும் சொன்னால், அதை நம்பிக் கண்ணாடி வாங்கப் புறப்பட வேண்டாம்.

பிழை எவ்வளவு என்பதோடு நிற்காமல், எத்தகைய பிழை என்று கேட்டவர்கள் லண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜைச் சேர்ந்த ஆண்ட்ரியா காஸ்டெக்னாரோ, நீல் பர்ஜஸ் முதலியோர். இதே முறைப் பரீட்சையில் நடந்தவர்களின் நடையைக் கணித மாதிரியால் பகுத்து அவர்கள் 2023-ல் வெளியிட்ட முடிவு விசித்திரமானது. அல்ஸைமரின் சுவடு உள்ளவர்கள் தாம் திரும்பிய கோணத்தை உள்ளதைவிடப் பெரியதாகவே ஓயாமல் எண்ணிக்கொள்கிறார்கள். அவர்களுடைய திசையுணர்வும் தடவைக்குத் தடவை ஊசலாடுகிறது. ஆரோக்கியமான முதியவரிடத்திலோ சுவடற்ற தளர்ச்சிக்காரரிடத்திலோ இக்குணம் காணப்படவில்லை. ஆகவே இது முதுமையின் பொதுத் தள்ளாட்டமன்று, தனிப்பட்ட கோளாறு.

2024-ல் கோகோ நியூட்டன் முதலியோர் இன்னும் ஒருபடி பின்னோக்கிப் போய், யாதொரு நோய்க்குறியும் இல்லாத, 43 முதல் 66 வயது வரையுள்ள நூறு பேரை நடக்கவிட்டார்கள். பரம்பரையாலோ பிற காரணங்களாலோ அபாயம் மிகுந்தவர்கள் மற்ற அறிவுப் பரீட்சைகளில் குறைவின்றித் தேறியும், இந்த நடையில் மட்டும் பின்தங்கினார்கள். அதிலும், ஆண்களிடம் கண்ட இக்குறை பெண்களிடம் தென்படவில்லை. அல்ஸைமருக்கு அதிகமாக ஆளாகிறவர்கள் பெண்களாக இருக்க, அவர்களிடத்தில் மட்டும் இப்பரீட்சை ஏன் மௌனம் சாதிக்கிறது என்ற கேள்வியை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)