நீச்சல் குளத்துக்கும் ஓர் எக்ஸெல் கணக்கு

எக்ஸெல் என்றாலே ஆபீஸ் சம்பளக் கணக்கு என்று ஒதுக்கி விடுபவர்கள் அதிகம். வீட்டில் அது எப்படி உதவும் என்பதற்குக் கொஞ்சம் விநோதமான உதாரணம் ஒன்று பார்ப்போம்: வீட்டு நீச்சல் குளம். கோவையைச் சுற்றியும் சென்னையில் ஈ.சி.ஆர். பக்கமும் தோட்ட வீடுகளில் இது இப்போது அபூர்வமில்லை. குளம் இல்லாதவர்களும் படிக்கலாம். பார்முலா எல்லாக் கணக்குக்கும் ஒன்றுதான்.

புதிதாகக் குளம் கட்டியவர்கள் சொல்லும் புகார் இது: "இரண்டு மாதம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. இப்போது எத்தனை குளோரின் மாத்திரை போட்டாலும் பச்சையாகிவிடுகிறது." கடைக்காரர் இன்னும் இரண்டு மாத்திரை போடச் சொல்வார். அதில்தான் சிக்கலே. இந்த மாத்திரை கரையும்போது குளோரினோடு சயனூரிக் அமிலமும் தண்ணீரில் சேர்கிறது. இது வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் பொருள். எனவே ஓரளவு தேவைதான். 30 முதல் 50 பி.பி.எம். போதும். (ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் இருந்தால் அது 1 பி.பி.எம்.) ஆனால் குளோரின் செலவாகித் தீர்ந்துவிடும்; சயனூரிக் அமிலமோ தங்கிவிடும். தண்ணீர் ஆவியானாலும் அது போகாது. அளவு ஏற ஏற, இருக்கிற குளோரினின் வேகம் குறையும். கிருமி சாகாது. அந்தத் தண்ணீரில்தான் குழந்தைகள் குதிக்கிறார்கள்.

இது கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள் நிறம் காட்டும் சாதாரண சொட்டு மருந்துப் பெட்டியிலும் தெரியாது. கணக்கு வைத்தால் தெரியும்.

முதலில் குளத்தின் கொள்ளளவு. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒரு முனையில் 1.1, மறுமுனையில் 1.9 மீட்டர் ஆழம் என்றால் சராசரி ஆழம் 1.5. மூன்றையும் பெருக்கினால் 48 கன மீட்டர், அதாவது 48,000 லிட்டர். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 200 கிராம் மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 110 கிராம் சயனூரிக் அமிலம் வருகிறது. அது 1,10,000 மில்லிகிராம். இதை 48,000 ஆல் வகுத்தால் 2.3. ஆக, ஒரு மாத்திரைக்கு 2.3 பி.பி.எம். ஏறும். உங்கள் குளத்தின் லிட்டரைப் போட்டு உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

இனி எக்ஸெல்லைத் திறவுங்கள். (காசு கொடுக்க வேண்டாம் என்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.) முதல் வரிசையில் தேதி, குளோரின், பி.எச்., மாத்திரை, ஏற்றம், மொத்தம், தேவை என ஏழு தலைப்புகளை டைப் செய்யுங்கள். இரண்டாம் வரிசையில் மொத்தத்தின் கீழ் 0 இடுங்கள். மூன்றாம் வரிசையில் ஏற்றம் செல்லில் சம அடையாளம் இட்டு, மாத்திரை செல்லைக் கிளிக் செய்து, *2.3 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். அடுத்து மொத்தம் செல்: சம அடையாளம், நேர் மேலே உள்ள செல்லைக் கிளிக், கூட்டல் குறி, இடது பக்க செல்லைக் கிளிக், என்டர். தேவை செல்லில் மொத்தத்தை 0.075 ஆல் பெருக்கச் சொல்லுங்கள். குளோரின், சயனூரிக்கில் ஏழரை சதவீதம் இருக்க வேண்டும் என்பது குளம் பராமரிப்பவர்கள் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. மூன்று செல்களையும் செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசைக்கும் பார்முலா வந்துவிடும்.

வாரம் மூன்று மாத்திரை என்று 12 வரிசை நிரப்பிப் பாருங்கள். மொத்தம் 83-ஐத் தொடும்; தேவை 6.2 என்று காட்டும். நீங்கள் சோதித்த குளோரின் 2 என்றால், தண்ணீர் ஏன் பச்சையாகிறது என்பது அந்த இரண்டு செல்களிலேயே இருக்கிறது. மழை நீர், பில்டரைக் கழுவும்போது வெளியேறும் நீர் இவற்றால் உண்மை அளவு சற்றுக் குறையலாம். மாதம் ஒரு முறை சயனூரிக் சோதனை செய்து, வந்த எண்ணை மொத்தம் செல்லில் நேரடியாக டைப் செய்துவிடுங்கள்.

மொத்தம் 50-ஐ நெருங்கும்போதே மாத்திரையை நிறுத்திவிட்டு, திரவ குளோரினுக்கு மாறலாம். அதில் சயனூரிக் கிடையாது. வெப்பத்தில் அதன் வீரியம் குறையும் என்பதால் கொஞ்சமாக வாங்குவதே லாபம். 83-க்குப் போனபின் விழித்துக்கொண்டால், பாதித் தண்ணீரை மாற்றுவதுதான் வழி. அதாவது 12,000 லிட்டர் லாரி இரண்டு! அன்றைய வரிசையில் மேலே உள்ள மொத்தத்தை 0.5 ஆல் பெருக்கிவிட்டால் கணக்கு தொடரும்.

பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருக்கட்டும். அதைக் குறைக்க ஊற்றும் அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் கலக்காதீர்கள்; விஷ வாயு கிளம்பும். மாத்திரையும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் சேர்ந்தால் தீப்பிடிக்கும். இன்னொன்று, இந்த மருந்து டப்பாக்களைக் கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் அடுக்காதீர்கள். கசியும் குளோரின் புகை மதர்போர்டின் உலோகப் பகுதிகளை அரித்துவிடும்.