பேய்ப் படம் பார்க்கப் பயமா? வெட்கப்பட வேண்டாம்!

இரவு மணி பத்து. வீட்டில் எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பேய்ப் படம் ஓடிக்கொண்டிருக்கிறது.

பாழடைந்த பங்களா. கதாநாயகி கையில் மெழுகுவர்த்தியுடன் மாடிப்படி ஏறுகிறாள். எங்கும் நிசப்தம். கதவு தானாகத் திறக்கிறது...

"வீல்" என்று ஓர் அலறல்!

அலறியது கதாநாயகி அல்ல. அந்த வீட்டின் கடைக்குட்டிப் பெண்!

அண்ணன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "சீ, இதெல்லாம் வெறும் சினிமா. இதற்குப் போய்ப் பயப்படலாமா?" என்கிறார் அப்பா. சிறுமியும் அசட்டுச் சிரிப்புச் சிரித்து வைக்கிறாள்.

ஆனால் அன்று இரவு அவள் தூங்கவில்லை. தாகம் எடுக்கிறது, சமையலறைக்குப் போகத் தைரியம் இல்லை. அம்மாவை எழுப்ப வெட்கம். போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு, விடியும் வரை விழித்துக் கிடக்கிறாள்.

பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. சில வீடுகளில் அந்தச் சிறுமியின் இடத்தில் அம்மா இருப்பார். இன்னும் சில வீடுகளில், வெளியே சொல்லிக்கொள்ளாத அப்பா!

பயந்த சுபாவம் உள்ளவர்கள் பேய்ப் படமே பார்க்கக் கூடாதா? பார்க்கலாம். ஆனால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். "வெறும் சினிமா" என்று சொல்லிவிட்டால் மட்டும் பயம் போய்விடாது.

குளிக்கப் பயந்த நடிகை

1960-ம் ஆண்டில் 'சைக்கோ' என்ற அமெரிக்கப் படம் வெளிவந்தது. அதை எடுத்தவர் ஆல்பிரட் ஹிட்ச்காக். திகில் படங்கள் எடுப்பதில் உலகப் புகழ் பெற்றவர்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. குளியல் அறையில் ஒரு பெண் ஷவரின் கீழ் நின்று குளித்துக்கொண்டிருக்கிறாள். திரை விலகுகிறது. ஓர் உருவம் அவளைக் கத்தியால் குத்திக் கொல்கிறது. அந்தப் பெண்ணாக நடித்தவர் ஜேனட் லீ.

கத்தி பாயும் காட்சி திரையில் ஒரு நிமிடம் கூட இல்லை. ஆனால் அதைப் படம் பிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. படம் கறுப்பு-வெள்ளை. ஆகையால் தண்ணீரோடு ஓடிய "ரத்த"த்துக்கு சாக்லேட் பாகையே ஊற்றினார்கள்!

இதெல்லாம் ஜேனட் லீக்குத் தெரியாதா? தெரியும். கத்தி தன்மீது பாயவில்லை என்பதும் தெரியும். அப்படியிருந்தும், படத்தைத் திரையில் பார்த்த பிறகு, ஷவரில் குளிப்பதையே அவர் தவிர்த்தார். இதைப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார்.

நடித்தவருக்கே இந்தக் கதி என்றால், வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் பயப்படுவதில் என்ன ஆச்சரியம்?

பயம் வருவது எப்படி?

நம் மூளைக்குள், வாதுமைப் பருப்பு வடிவத்தில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிறு பகுதி இருக்கிறது. அதற்கு 'அமிக்டலா' என்று பெயர். அது வீட்டு வாசலில் கட்டிய நாய் மாதிரி. வருவது திருடனா, தபால்காரரா என்று யோசித்துக்கொண்டிராது. முதலில் குரைத்துவிடும்!

அது குரைத்தவுடன் உடம்பு முழுவதும் விழித்துக்கொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகளில் இருந்து 'அட்ரினலின்' ரத்தத்தில் பாய்கிறது. நெஞ்சு படபடக்கிறது. வாய் உலர்கிறது. கை வியர்க்கிறது. மயிர் சிலிர்க்கிறது.

"இது சினிமா" என்று அறிவு சொல்வது அதற்குப் பிறகுதான். அதற்குள் நாம் நாற்காலியில் இருந்து துள்ளிவிடுகிறோம்.

ஆகவே பயப்படுவது கோழைத்தனம் அல்ல, அறியாமையும் அல்ல. சிலருக்கு அந்தக் காவல் நாய் கொஞ்சம் சீக்கிரம் குரைக்கிறது. அவ்வளவுதான்.

காது வழியே வரும் திகில்

பயந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? கண்ணைப் பொத்திக்கொள்கிறார்கள். அதனால் முழுப் பலன் இல்லை. ஏனென்றால் பயத்தில் பெரும் பங்கு காது வழியாக வருகிறது.

'சைக்கோ'வின் குளியல் அறைக் காட்சிக்குப் பின்னணி இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசை அமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் விடவில்லை. வயலின் முதலிய தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து, கீச்சுக் குரலில் அலறுவது போல் ஓர் இசை அமைத்தார். அதைக் கேட்டதும் ஹிட்ச்காக் மனம் மாறினார். இன்று அந்தக் காட்சியை நினைத்தாலே, முதலில் நினைவுக்கு வருவது அந்த இசைதான்!

1975-ல் வந்த 'ஜாஸ்' என்ற சுறாமீன் படமும் அப்படியே. இயந்திரச் சுறா அடிக்கடி பழுதாகிக்கொண்டே இருந்தது. ஆகையால் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பர்க் படத்தின் பெரும் பகுதியில் சுறாவை முழுதாகக் காட்டவில்லை. இரண்டே சுரங்கள் மாறி மாறி ஒலிக்கும் இசையைக் கேட்டே, சுறா வருகிறது என்று ஜனங்கள் நடுங்கினார்கள்.

ஆக, கண்ணை மூடுவதைவிட டி.வி.யின் சத்தத்தைக் குறைப்பது நல்ல மருந்து. சத்தத்தை அடியோடு நிறுத்திப் பாருங்கள். அதே பேய், கல்யாண வீட்டில் தொலைந்த செருப்பைத் தேடுபவர் போல் தெரியும்!

பயமும் உப்பு மாதிரிதான்

அப்படியானால், பயமுறுத்தும் படத்தைப் பணம் கொடுத்து ஏன் பார்க்கிறோம்?

டென்மார்க் நாட்டில் இதைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்தது. அங்கே வேஷம் போட்ட ஆட்கள் பயமுறுத்தும் "பேய் வீடு" ஒன்று இருக்கிறது. அதற்குள் போன 110 பேரின் இதயத் துடிப்பைக் கருவி மூலம் அளந்தார்கள். பயமே இல்லாதவர்களுக்கு அதில் சுவை இல்லை. அளவு மீறிப் பயந்தவர்களுக்கும் சுவை இல்லை. நடுத்தரமாகப் பயந்தவர்களே மிகவும் ரசித்தார்கள். இந்த முடிவு 2020-ல் வெளியாயிற்று.

பயமும் சாப்பாட்டில் உப்பு மாதிரிதான். இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும். மிஞ்சினால் வாயில் வைக்க முடியாது. ஒவ்வொருவர் நாக்குக்கும் அளவு வேறு.

தியேட்டரில் அந்த அளவை நிர்ணயிப்பவர் படம் எடுத்தவர். வீட்டில் நிர்ணயிப்பவர் நீங்கள். ரிமோட் உங்கள் கையில் இருக்கிறது!

குழந்தைகள் விஷயம் வேறு

பெற்றோர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஜோஆன் கேன்டர் என்ற பேராசிரியை, சினிமாவும் டி.வி.யும் குழந்தைகளைப் பயமுறுத்துவது பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கல்லூரி மாணவர்களிடம் அவரும் இன்னொரு ஆராய்ச்சியாளரும் விசாரித்து, 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏதோ ஒரு படமோ நிகழ்ச்சியோ தங்களை மிகவும் பயமுறுத்தியது என்று 10 பேரில் 9 பேர் சொன்னார்கள். அந்தப் பயத்தின் மிச்சம் இன்னும் போகவில்லை என்று ஏறக்குறைய 4 பேரில் ஒருவர் சொன்னார்.

ஒரு நாள் இரவுப் பயம், ஆண்டுக்கணக்கில் மனத்தில் தங்கிவிடலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

இன்னொரு விஷயம். அமெரிக்க டி.வி.யில் 'ஹல்க்' என்ற தொடர் வந்தது. கதாநாயகன் கோபம் வந்தால் பச்சை நிறப் பூதமாக மாறி, நல்லவர்களைக் காப்பாற்றுவான். பெரிய பிள்ளைகள் அவனை ரசித்தார்கள். சின்னக் குழந்தைகளோ அவனைக் கண்டே நடுங்கினார்கள். அவன் நல்லவன் என்பது அவர்கள் மனத்தில் ஏறவில்லை. விகாரமான உருவம்தான் மனத்தில் ஏறியது.

ஆகையால் 5 வயதுக் குழந்தையிடம் "அது மேக்கப்" என்று விளக்கம் சொல்லிப் பயன் இல்லை. அந்தக் குழந்தைக்கு வேண்டியது மடி. கட்டி அணையுங்கள். குடிக்கப் பால் கொடுங்கள். விளக்கைப் போடுங்கள். எட்டு, ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, படம் எப்படி எடுக்கிறார்கள் என்று சொன்னால் புரியும். சாக்லேட் பாகுக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்!

பயந்தவர்களுக்கு எட்டு யோசனைகள்

1. படத்தின் தரச் சான்றைப் பாருங்கள். நம் நாட்டில் 2024-ம் ஆண்டு விதிகளின்படி 'யு', 'யு.ஏ. 7+', 'யு.ஏ. 13+', 'யு.ஏ. 16+', 'ஏ' என்று வகைகள் உண்டு. எண் என்பது வயது. 'ஏ' என்றால் பெரியவர்களுக்கு மட்டும்.

2. ஓ.டி.டி. நிறுவனங்களும் வயது வகையைக் காட்ட வேண்டும். 13 வயதும் அதற்கு மேலும் உரிய படங்களுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதி தர வேண்டும். 2021-ம் ஆண்டு விதி இது. அந்தப் பூட்டைப் பயன்படுத்துங்கள்.

3. கதையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முடிவு தெரிந்தால் சுவை குறையலாம், பயமும் குறையும். பயந்தவருக்கு அது லாபமே.

4. பகலில் பாருங்கள். இரவில் பார்த்தால் விளக்கை அணைக்க வேண்டாம்.

5. தனியாகப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

6. கையில் வேலை இருக்கட்டும். பட்டாணி உரியுங்கள், பூக் கட்டுங்கள், துணி மடியுங்கள்.

7. தாங்க முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். வேண்டுமானால் மறுநாள் மிச்சத்தைப் பார்க்கலாம்; பார்க்காமலும் விட்டுவிடலாம்.

8. படம் முடிந்தவுடன் படுக்கப் போகாதீர்கள். ஒரு நகைச்சுவைக் காட்சி பாருங்கள். பழைய பாட்டுக் கேளுங்கள்.

எதில் தொடங்கலாம்?

நீச்சல் பழகுபவர் நேரே கிணற்றின் ஆழத்தில் குதிப்பதில்லை. படியில் நின்று காலை நனைக்கிறார். இதுவும் அப்படித்தான்.

பேய் இல்லாத மர்மப் படங்களில் தொடங்குங்கள். எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) நல்ல தொடக்கம். பாட்டே இல்லாத படம். கொலை செய்தது யார் என்பதே கதை. அதன்பின் அவருடைய 'நடு இரவில்' (1970) பார்க்கலாம். அடுத்தபடி, சிரிப்பும் திகிலும் கலந்த 'சந்திரமுகி' (2005). இதெல்லாம் பழகிய பிறகு, மற்றவற்றைப் பற்றி யோசிக்கலாம்.

பயந்தவனும் கதாநாயகன்!

2011-ல் 'காஞ்சனா' படம் தமிழ்நாட்டில் சக்கைப்போடு போட்டது. ராகவா லாரன்ஸ் அதை இயக்கி, கதாநாயகனாகவும் நடித்தார்.

அந்தக் கதாநாயகன் எப்படிப்பட்டவன்? பகலில் சூரன். பொழுது சாய்ந்தால் பேய்ப் பயம். ராத்திரியில் துணைக்கு அம்மா வேண்டும்! அம்மாவாக வந்தவர் கோவை சரளா. ஜனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஆனால் யாரும் அவனை வெறுக்கவில்லை. கடைசியில் அநியாயத்தை எதிர்த்து நிற்பதும் அவனுக்குள்தான் நடக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். பயந்தபோதெல்லாம் அவன் அம்மாவை எழுப்பினான். அவனுக்கு அதில் வெட்கம் இல்லை. அதனால் விடியும் வரை விழித்துக் கிடக்கவும் இல்லை.

நம் வீட்டுச் சிறுமி அம்மாவை எழுப்பாதது ஏன்? பேய்க்குப் பயந்து அல்ல. அண்ணனின் சிரிப்புக்குப் பயந்து!

பேயை டி.வி.யோடு அணைத்துவிடலாம். அந்தச் சிரிப்பை அணைக்க முடியாது. அது படுக்கைவரை கூடவே வரும்.

ஆகவே அடுத்த முறை வீட்டில் யாராவது அலறினால் சிரிக்காதீர்கள். "பயமாயிருக்கா? இப்படி வா, என் பக்கத்தில் உட்கார்" என்று சொல்லுங்கள்.

அந்த ஒரு வார்த்தைக்கு எந்தப் பேயும் ஓடிவிடும்!