சமதூரம் என்றால் நடுவிலா? திருவாமாத்தூர் முதல் கச்சத்தீவு வரை ஒரு சொல்லின் கணக்கு

விழுப்புரம் அருகே உள்ள திருவாமாத்தூரில் அபிராமேஸ்வரருக்கும் முத்தாம்பிகை அம்மனுக்கும் தனித்தனிக் கோயில்கள். சுவாமி கோயில் கிழக்குப் பார்த்தது. அம்மன் கோயில் மேற்குப் பார்த்தது. இரண்டும் எதிரெதிரே.

இரு வாசல்களுக்கும் சரிபாதியில் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இரண்டுக்கும் சமதூரத்தில் இருக்கிறார். அங்கிருந்து நேர் வடக்கே 100 அடி நடந்தால்? இரண்டு வாசலும் தள்ளிப் போகும். ஆனா, ஒரே அளவுதான் தள்ளிப் போகும். ஆக, அவர் இப்போதும் சமதூரத்தில்தான் இருக்கிறார், நடுவில் இல்லை.

நடு வேறு, சமதூரம் வேறு

இரண்டு புள்ளிகளுக்கு நடுப்புள்ளி ஒன்றுதான். சமதூரத்தில் உள்ள புள்ளிகளோ எண்ணற்றவை. அவற்றைச் சேர்த்தால் கிடைக்கும் கோட்டைத்தான் பள்ளியில் 'மையக்குத்துக்கோடு' என்று படித்தோம்.

பேச்சில் இதை நாம் பார்ப்பதில்லை. 'சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவுல விழுப்புரம்' என்போம். ரயில் பாதையில் எழும்பூரிலிருந்து விழுப்புரம் சுமார் 160 கி.மீ.; அங்கிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சி சுமார் 180 கி.மீ. நடுவில் என்றால் சரி. சமதூரம் என்றால் 20 கி.மீ. இடிக்கும். இந்தப் பகுதிக்கு 'நடுநாடு' என்று பெயர் வந்ததும் தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் இடையில் இருப்பதால்தான். அளந்து பார்த்து அல்ல.

கடலில் கோடு போட்டால்?

பயணத்தில் இந்த வித்தியாசம் பெரிதில்லை. எல்லை வகுக்கும்போது பெரிது. எதிரெதிரே உள்ள நாடுகளின் கரையோரக் கடலை, வேறு உடன்பாடோ சிறப்புக் காரணமோ இல்லாவிட்டால், இரு கரைகளிலிருந்தும் சமதூரத்தில் உள்ள கோட்டால் பிரிக்கலாம் என்கிறது 1982-ம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்டம்.

பாக் நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் 1974-லேயே எல்லை வகுத்துவிட்டன. அது அச்சு அசலான சமதூரக் கோடு அல்ல; பேசி, சற்று மாற்றி வரைந்த கோடு. அது கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளிப் போனது. தீவு இலங்கைப் பக்கம் சேர்ந்தது. அந்தக் கோட்டைத் தாண்டினால் கைது, படகு பறிமுதல் என்பதுதான் ராமேஸ்வரம் மீனவர்களின் இன்றைய நிலை. வரைபடத்தில் சின்ன விலகல்; கரையில் பிழைப்பு.

அரசியல் 'சமதூரம்'

2009-ல் பாஜக கூட்டணியை முறித்த ஒடிசாவின் பிஜு ஜனதா தளம், காங்கிரஸ், பாஜக இரண்டிடமிருந்தும் சமதூரம் என்பதைக் கொள்கையாகச் சொல்லிவந்தது. கேட்க நடுநிலை மாதிரி இருக்கும். ஆனால், இருவருக்கும் சமமாக நெருங்கி இருப்பதும் சமதூரம். சமமாக விலகி இருப்பதும் சமதூரம்.

அதனால், இனி யாராவது 'நாங்க சமதூரம்' என்றால் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: எங்கிருந்து அளந்தீங்க? எவ்வளவு தூரம்?