தோட்டத்தில் உழைத்த கைகால்களுக்கு

தோட்ட வேலையின் களைப்பு முதலில் தெரிவது கையிலும் காலிலும். மண்வெட்டி பிடித்த உள்ளங்கை காய்த்துப்போகிறது. சுடுமணலில் வெறுங்காலோடு நின்றவரின் குதிகால் வெடிக்கிறது. நாள் முழுக்கக் குனிந்து களை பிடுங்கிய இடுப்போ இரவில் புரண்டு படுக்கவும் விடுவதில்லை. அப்படி உழைக்கும் ஒருவருக்கு வாசனைப் பொருள்கள் அடுக்கிய கடைப் பொதியைவிட வீட்டில் செய்த பரிசே பொருத்தமானது. அவருக்கு எங்கே வலிக்கிறது என்பது வீட்டாருக்குத்தானே தெரியும்.

கொழும்பு–புத்தளம் வீதியில், புத்தளத்துக்குத் தெற்கே உள்ள மதுரங்குளியில் இதற்கு வேண்டிய பொருள்களைத் தேடி அலையவேண்டியதில்லை. புத்தளம், குருநாகல், கம்பஹா மாவட்டங்கள் சேர்ந்ததே இலங்கையின் தென்னை முக்கோணம். 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சிப் பணியின் தலைமையகமும் புத்தளம் மாவட்டத்தின் லுணுவிலையில்தான் இருக்கிறது. உப்புக்குப் புத்தளம் உப்பளங்கள் பக்கத்திலேயே உள்ளன. மணற்பாங்கான இந்த மண்ணில் கற்றாழையும் பெரிய கவனிப்பில்லாமல் வளரும்.

கைக்கு உகந்தது தேங்காய் எண்ணெயில் செய்த பூச்சு. வெறும் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். புத்தளத்து வெயிலில் அது எப்போதும் தண்ணீராகத்தான் இருக்கும். கையில் ஊற்றினால் வழிந்தோடும். தேன்மெழுகு உருக 62 பாகைக்கு மேல் சூடு வேண்டும். அதைச் சேர்த்தால் எண்ணெய் இறுகி, தோலின்மேல் படலமாகத் தங்கி, ஈரம் வற்றாமல் காக்கும். எடைக்கணக்கில் நாலு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு போதும். கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிக்குள் சிறிய பாத்திரத்தை வைத்து இரண்டையும் உருக்கவேண்டும். நேரடியாக அடுப்பில் வைக்கக்கூடாது. பதம் பார்க்க ஒரு துளியைப் பீங்கான் தட்டில் விட்டு ஆறவிடலாம். விரலால் தொட்டால் வெண்ணெய் போலக் குழைய வேண்டும். ஒழுகினால் மெழுகு போதவில்லை. ஊற்றிவைக்கும் போத்தலில் ஒரு சொட்டு ஈரமும் இருக்கக்கூடாது. தண்ணீர் பட்ட இடத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கும். ஈரமில்லாத பூச்சு சில மாதங்கள் கெடாமல் இருக்கும்.

மிளகாய் பறிப்பவருக்கோ வெறும் எண்ணெயே பெரிய உதவி. விரலை எரிக்கும் காப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எரிகிறதே என்று தண்ணீரில் கையை அலசினால் எரிச்சல் பரவுமே தவிர அடங்காது. முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவினால் காந்தல் குறையும். விரலில் ஒட்டிய பலாப்பாலுக்கும் இதே வழிதான். ஆனால் பூச்சிமருந்து தெளித்த கைக்கு எண்ணெய் ஆகாது. உடனே சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவவேண்டும். கறை போகத் தேசிக்காய் தேய்க்கும் பழக்கத்திலும் கவனம் தேவை. அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் தோல் வெந்து கொப்புளம் எழலாம்.

காலுக்கு உப்பு. ஒரு பேசின் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு பிடி கல்லுப்பைப் போட்டு, பதினைந்து நிமிடம் காலை ஊறவைத்தால் கடுப்பு இறங்கும். இதற்கென்று எப்சம் உப்பு வாங்குவோரும் உண்டு. அதிலுள்ள மக்னீசியம் தோல் வழியே உடம்பில் போதிய அளவு ஏறுகிறது என்பதற்குத் தக்க சான்று இல்லை. சுகம் தருவது பெரும்பாலும் சூடும் ஓய்வுமே. அதற்குப் புத்தளத்து உப்பு தாராளமாகப் போதும். ஊறிய காலைத் துவாயால் நன்றாகத் துடைத்து, குதிகாலில் பூச்சைத் தடவிப் பருத்திக் காலுறை போட்டுப் படுத்தால் வெடிப்பு மெல்ல மூடும். கல்லுப்பை ஒரு போத்தலில் நிரப்பி, கூடவே புதுத் துவாயொன்றையும் வைத்தால் அதுவே முழுப் பரிசு. நீரிழிவு உள்ளவருக்கு மட்டும் இதைக் கொடுக்கக்கூடாது. நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்குத் தண்ணீரின் சூடு தெரியாது. வெந்த புண் எளிதில் ஆறாது. காலில் புண்ணோடு சேற்றில் நின்றவருக்குச் சில நாளில் காய்ச்சல் வந்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அவரைத் தாமதியாமல் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

இடுப்புக்கு ஒத்தடப் பை. பழைய பருத்திச் சேலையில் இரட்டை மடிப்பாகப் பை தைத்து, வாயைச் சுருக்குக் கயிறால் கட்டலாம். வேண்டும்போது கல்லுப்பையோ பச்சரிசியையோ சட்டியில் வறுத்துக் கொட்டிக் கொள்ளலாம். முன்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகே இடுப்பில் வைக்கவேண்டும். நொச்சியிலை கிடைத்தால் ஒரு பிடி சேர்த்து வறுக்கலாம். அந்த வாசனையே பாதிக் களைப்பைப் போக்கும்.

களைத்த உடம்பைக் கழுவிக் குளிர்விக்கும் வழக்கம் இப்பகுதி மக்களுக்குப் புதியதல்ல. சித்திரைப் புத்தாண்டில் இந்துத் தமிழர் துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு முதலியன சேர்த்துக் காய்ச்சிய மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகுவார்கள். சிங்களவர் அதே புத்தாண்டையொட்டி நல்ல நேரம் பார்த்துத் தலையில் மூலிகை எண்ணெய் வைப்பார்கள். முஸ்லிம் வீடுகளில் பெருநாளுக்கு மருதோன்றி அரைப்பார்கள். வெடித்த குதிகாலுக்கு மருதோன்றி பூசுவது பழைய கைமருந்து. மூன்று சமூகங்களும் வாழும் புத்தளம் மாவட்டத்தில் இந்த நாட்களே பரிசு கொடுக்கப் பொருத்தமானவை. கறுப்பு மருதோன்றி என்று விற்கும் கலவையை மட்டும் தவிர்க்கவேண்டும். அதில் கலக்கும் முடிச்சாயம் தோலைப் புண்ணாக்கக்கூடியது.

வெயிலில் கன்றிய கழுத்துக்கும் கைக்கும் கற்றாழைச் சோறு இதம். மடலை வெட்டியதும் தலைகீழாகப் பத்து நிமிடம் நிறுத்தி, வடியும் மஞ்சள் பாலைப் போகவிடவேண்டும்; அது பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். எடுத்த சோறு குளிர்சாதனப் பெட்டியிலும் சில நாள்களுக்கு மேல் தாங்காது. அதனால் அதைப் போத்தலில் அடைத்துக் கொடுப்பதைவிட, சிறு சட்டியில் பதியம் வைத்த ஒரு கன்றாகவே கொடுப்பது மேல். பூச்சுப் போத்தலின்மேல் செய்த தேதியை எழுதி, உப்பையும் ஒத்தடப் பையையும் சேர்த்து ஓலைப் பெட்டியில் வைத்தால், கன்றுச் சட்டி அதன் பக்கத்தில் நிற்கும்.