ஒரு வார்டுக்கு ஆயிரம் பேர்

வாக்காளர் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் செங்கல்பட்டு மாவட்டத்தோட ஏழு தொகுதிக்கும் ஆண், பெண், மூன்றாம் பாலினம்னு மூணு எண்ணிக்கை தருவாங்க. தன்பாலீர்ப்பாளர்கள் எத்தனை பேர்னு எந்தப் பட்டியலும் சொல்லாது. சொல்லவும் கூடாதுதான். ஆனா சீட்டு பேச உட்காரும் கட்சிக்காரருக்கு, எண்ணிக்கையில வராதவங்க கணக்கிலயும் வர்றதில்லை.

திருநங்கையர் கதை கொஞ்சம் வேற. 2008-இல் தமிழக அரசு அவங்களுக்கு நலவாரியம் அமைத்தது. 2020 ஜனவரியில் ரியா திருச்செங்கோடு ஒன்றியக் கவுன்சிலர் ஆனார். 2022 பிப்ரவரியில் கங்கா வேலூர் மாநகராட்சியின் 37-வது வார்டில் ஜெயித்தார், வித்தியாசம் 15 ஓட்டு. ரெண்டு பேருமே தி.மு.க. வேட்பாளர்கள். தன்பாலீர்ப்பாளர்னு வெளிப்படையா சொல்லி நின்று ஜெயித்த ஒருவரை இதே மாதிரி இங்கே காட்ட முடியலை. 2018 செப்டம்பர் 6 வரைக்கும் 377-வது பிரிவு உயிரோடு இருந்தது. மேடையேறி அப்படிச் சொல்றது, கிட்டத்தட்ட குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி.

ரியாவும் கங்காவும் ஜெயித்தது உள்ளாட்சியில் என்பதைத்தான் நான் முக்கியமா பார்க்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் கேமரா கடை வைத்திருந்த ஹார்வி மில்க், 1973-லயும் 1975-லயும் நகர மன்றத்துக்கு நின்று தோற்றார். அப்போ ஊர் முழுக்க ஓட்டு வாங்கணும். 1977-இல் முறையை மாற்றி, பகுதிவாரியா தேர்தல் வைத்தாங்க. கடை இருந்த பகுதியிலயே நின்று ஜெயித்தார். ஆள் அதே ஆள்தான், எல்லைதான் சின்னதாச்சு. (மறு வருஷமே சுட்டுக் கொல்லப்பட்டார். அதையும் சொல்லாம விட முடியாது.)

இதை நம்ம கடற்கரைக்குக் கொண்டு வந்து பாருங்க. 2011 கணக்கெடுப்பில் மாமல்லபுரத்து மக்கள்தொகை 15,172. 2022 தேர்தலில் பேரூராட்சிக்கு 15 வார்டு. அதாவது வார்டுக்குச் சுமார் ஆயிரம் பேர், குழந்தைகளையும் சேர்த்து. தண்ணி வராத அன்னிக்கு யார் வந்து நின்னாங்கன்னு தெருவுக்கே தெரியும். அங்கே ஒருத்தரைப் பற்றி எழுபது விஷயம் தெரிஞ்சிருக்கும், இது எழுபத்தொண்ணாவது.

சட்டமன்றத் தொகுதியில் அது நடக்காது. மாமல்லபுரம் வருவது திருப்போரூர் தொகுதியில். 2021-இல் அங்கே வித்தியாசம் 2,000-க்கும் கீழே. அவ்வளவு நெருக்கமான இடத்தில் கட்சி பழைய வாய்ப்பாட்டை விட்டு நகராது. ப்யூ ஆய்வில், தன்பாலீர்ப்பைச் சமூகம் ஏற்கணும்னு சொன்ன இந்தியர்கள் 2014-இல் 15 சதவீதம், 2019-இல் 37. பெரிய ஏற்றம்தான், ஆனா கேட்ட கேள்வி ஓட்டைப் பற்றியதில்லை. 2024-இல் சரத் பவார் கட்சி அனிஷ் கவாண்டேயைத் தேசியச் செய்தித் தொடர்பாளர் ஆக்கியது. நல்ல விஷயம். ஆனா கிடைத்தது மைக், சீட்டு இல்லை.

சீட்டே கிடைச்சாலும் படிவம் 26 இருக்கு. எம்.எல்.ஏ., எம்.பி. வேட்பாளர்கள் தரும் பிரமாணப் பத்திரம். தன் சொத்து, கணவன் அல்லது மனைவி சொத்து, சார்ந்திருப்போர் சொத்து எல்லாம் எழுதணும். சார்ந்திருப்போர்னா ரத்த உறவோ திருமண உறவோ இருக்கணும். தன்பால் திருமணத்துக்கு உரிமை இல்லைன்னு 2023 அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிட்டது. இருபது வருஷமா ஒரே வீட்டில் வாழும் இணையர், தெருவுல பிரச்சாரத்துக்குக் கூடவே வரலாம். பத்திரத்தில் வாழ்க்கைத்துணைக்கான கட்டத்தில் மட்டும் வேட்பாளர் ‘பொருந்தாது’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்.