வண்டி வீட்டில் வாயு வாடை: ஏன்? எப்படி?

அமெரிக்கச் சாலைகளில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லப்படும் டிராவல் டிரெய்லர், சக்கரம் வைத்த சிறு வீடு. அதன் அடுப்பு, ஹீட்டர், வெந்நீர்க் கலன், பல வண்டிகளில் ஃபிரிட்ஜ்கூட புரோப்பேனில் இயங்குகின்றன.

புரோப்பேனுக்கு வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே அதில் எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். 1937-ல் டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து, ஏறக்குறைய 300 பேர் இறந்தனர். எரிவாயுவுக்கு வாடை சேர்ப்பது கட்டாயமானது அதன் பிறகுதான்.

சிலிண்டர் காலியாகும்போது வாடை ஏன் கூடுகிறது? புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். மெர்காப்டனுக்கு 35 டிகிரி வேண்டும். அதனால் மெர்காப்டன் அடியில் தங்கி, கடைசியில் செறிவாக வெளிவருகிறது. அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும் பேட்டரியின் அழுகிய முட்டை நாற்றமும் குழப்பும்.

ஆனாலும், வாடை வந்தால் கசிவு என்றே கொள்ள வேண்டும். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, தரையில் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். கசிவு எச்சரிப்புக் கருவியைத் தரையை ஒட்டிப் பொருத்துவது இதனால்தான்.

எந்த ஸ்விட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, வெளியிலுள்ள சிலிண்டர் வால்வை மூட வேண்டும். கதவைத் திறந்துவைத்து வாடை முழுதும் நீங்கிய பின்பே தேடல். வால்வைத் திறந்து, இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழிகள் எழும். தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்காதீர்கள்.